இணைப்பு எந்தப் படியில் நிற்கிறது? லினக்ஸ் கணினியில் இணையம் வராதபோது அறிகுறி பார்த்துப் பழுது நீக்குதல்

மொரீசியஸில் சூறாவளிப் பருவம் நவம்பரில் தொடங்கி மே மாதம் வரை நீள்கிறது. அந்த மாதங்களில் மின்சாரம் போய் வரும்போதெல்லாம், கோயிலை ஒட்டி நாங்கள் நடத்தும் மாலைத் தமிழ் வகுப்பின் 11 கணினிகளில் ஒன்றாவது இணையத்தை இழந்து நிற்கும். எல்லாம் நன்கொடையாக வந்த பழைய இயந்திரங்கள். சிலவற்றில் லினக்ஸ் மின்ட், சிலவற்றில் டெபியன். மாணவர்கள் என்னிடம் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "ஐயா, இணையம் இல்லை." அந்த வாக்கியத்துக்குப் பின்னால் துருப்பிடித்த கேபிள் முனை இருக்கலாம், பொருந்தாத விசைப்பலகை அமைப்பு இருக்கலாம், பின்தங்கிப்போன கடிகாரமும் இருக்கலாம். ஆகையால் தரவு எந்தப் படி வரை போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொண்டு, அதன் பிறகே எதையும் மாற்றத் தொடங்குகிறேன். கீழே உள்ளவை அப்படிப் பார்த்துப் பழகிய அறிகுறிகள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், நான் இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும். 'சுடோ' என்று தொடங்குபவை நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

முதலில் மூன்று பிங்

'ஐபி ரூட்' என்று தட்டினால், 'டிஃபால்ட் வயா 192.168.1.1' என்பது போன்ற ஒரு வரி வரும். அதில் உள்ள எண் உங்கள் ரூட்டரின் முகவரி. வெளியுலகத்துக்குப் போகும் ஒவ்வொரு பொதியும், அதாவது தரவின் ஒவ்வொரு துண்டும், அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். 'பிங்' என்பது ஒரு முகவரிக்குச் சிறு பொதியை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. முதலில் 'பிங் -சி 4 192.168.1.1' என்று ரூட்டரையும், அடுத்து 'பிங் -சி 4 1.1.1.1' என்று வெளியே உள்ள ஓர் எண் முகவரியையும், கடைசியாக உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயரையும் இதே முறையில் சோதியுங்கள்.

ரூட்டரே பதில் சொல்லவில்லை என்றால் பழுது உங்கள் அறைக்குள் இருக்கிறது. ரூட்டர் பதில் சொல்லி 1.1.1.1 சொல்லவில்லை என்றால், ரூட்டருக்கு அப்பால் பார்க்க வேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால், அது பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் பழுது. மூன்றும் சரியாக இருந்தும் உலாவி மறுக்கிறது என்றால், கடிகாரத்தையோ பொதி அளவையோ சந்தேகிக்கலாம். பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்ட ரூட்டர்களும் உண்டு என்பதால், முதற்படி மௌனமாக இருந்து இரண்டாம் படி பேசினால் கவலைப்பட ஒன்றுமில்லை. 'ஐபி ரூட்' கட்டளைக்கு 'டிஃபால்ட்' என்ற வரியே வரவில்லையென்றால், பிங் செய்து பயனில்லை. கணினிக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ரூட்டரை அணைத்துப் போட்டு, கணினியையும் மறுதொடக்கம் செய்து, அதோடு அமைப்புகளில் நாலைந்தை மாற்றிவிட்டுப் பிறகு என்னை அழைப்பவர்களிடம் நான் கடிந்துகொள்வது இதற்காகத்தான். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் பழைய பழுதோடு புதிய பழுதும் சேர்ந்திருக்கும்.

வைஃபை என்பதே பட்டியலில் இல்லை

மேல்மூலையில் உள்ள பட்டியலில் வைஃபை என்ற சொல்லே காணோம் என்றால், கணினிக்கு வைஃபை அட்டை கண்ணில் படவில்லை அல்லது அது பூட்டப்பட்டிருக்கிறது. முதலில் 'ஐபி லிங்க்' என்று தட்டுங்கள். 'எல்ஓ' என்பது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் இடைமுகம், அதை விட்டுவிடலாம். 'ஈஎன்' என்று தொடங்குவது கேபிள், 'டபிள்யூஎல்' என்று தொடங்குவது வைஃபை. பழைய நூல்களில் காணும் 'ஈத்0', 'டபிள்யூலேன்0' என்ற பெயர்களைத் தேடிக் குழம்ப வேண்டாம். 2013 முதல், லினக்ஸின் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் இந்த இடைமுகங்களுக்கு, அட்டை செருகப்பட்டிருக்கும் இடத்தை வைத்து, 'டபிள்யூஎல்பி2எஸ்0' போன்ற பெயர்களைத் தருகிறது.

வைஃபை இடைமுகம் இருந்தும் எழவில்லை என்றால், 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளை பூட்டைக் காட்டும். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்று வந்தால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்டு பிளாக்டு: யெஸ்' என்று வந்தால் எந்தக் கட்டளையும் உதவாது, மடிக்கணினியின் ஓரத்தில் உள்ள சிறு பொத்தானையோ, விமானச் சின்னமிட்ட விசையையோதான் தேட வேண்டும். ஒரு மாணவியின் மடிக்கணினியில் அந்தப் பொத்தான் முன்விளிம்பின் அடியில், பைக்குள் வைக்கும்போது உரசித் தானாகத் தள்ளப்படும் இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் முன் நாங்கள் இரண்டு மாலைகளை டிரைவரைத் தேடியே கழித்தோம்.

இடைமுகமே இல்லை என்றால் 'எல்எஸ்பிசிஐ -கே' தட்டுங்கள். யுஎஸ்பியில் செருகும் சிறு அடாப்டராக இருந்தால் 'எல்எஸ்யுஎஸ்பி'. அட்டையின் பெயர் வந்து அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி வரவில்லை என்றால், வன்பொருள் உயிரோடு இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர்தான் ஏறவில்லை. டிரைவர் ஏறியிருந்தும் அட்டைக்குள் செலுத்த வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் போவதும் உண்டு. 'சுடோ டிஎம்இஎஸ்ஜி' வெளியீட்டில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடினால், எந்தக் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று லினக்ஸின் மையமான கெர்னலே பெயரோடு சொல்லியிருக்கும். டெபியன் தன் 12 ஆம் பதிப்பு முதல், அதாவது 2023 முதல், இத்தகைய ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்த்துத் தருகிறது. 11 ஆம் பதிப்பையோ அதற்கு முந்தியதையோ வைத்திருப்பவர்கள் தனியாக நிறுவ வேண்டும். சில பிராட்காம் அட்டைகளுக்குத் தனி டிரைவர் தொகுப்பு தேவை; கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் அந்த டிரைவர் நிறுவப்பட்டும், கையொப்பம் இல்லாததால் கெர்னல் அதை ஏற்ற மறுக்கும். நிறுவும்போது அது கேட்கும் சாவிக் கடவுச்சொல்லைக் குறித்துவைத்து, அடுத்த மறுதொடக்கத்தில் தோன்றும் நீலத் திரையில் அந்தச் சாவியைப் பதிந்தால்தான் வேலை நடக்கும். அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து பலரும் 'தொடர்க' என்பதை அழுத்திவிடுகிறார்கள்.

இணையம் இல்லாத கணினிக்கு இணையத்திலிருந்து டிரைவரை இறக்குவது எப்படி என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி, கைப்பேசியின் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். கூடுதலாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லை ஏற்கவில்லை

இந்தத் தீவுக்கென்றே உரிய பழுது ஒன்று இங்கே இருக்கிறது. நம் கடைகளில் பிரெஞ்சு அமைப்பு விசைப்பலகையும் ஆங்கில அமைப்பு விசைப்பலகையும் கலந்தே விற்கின்றன. லினக்ஸை நிறுவும்போது விசைப்பலகை அமைப்பைக் கேட்கும் திரையைப் பார்க்காமல் 'அடுத்து' என்று அழுத்தினால், கணினி அமெரிக்க அமைப்பை எடுத்துக்கொள்ளும். மேசையில் இருப்பதோ பிரெஞ்சு விசைப்பலகை.

ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் வகுப்பில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். "ஐயா, கடவுச்சொல் சரிதான், ஐந்து தடவை அடித்துவிட்டேன்" என்றான் ஒரு பையன். அவன் அடித்ததிலும் தவறில்லை. கடவுச்சொல்லின் இறுதியில் 2019 என்ற எண் இருந்தது. பிரெஞ்சு விசைப்பலகையில் எண்களை அடிக்க ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொள்ள வேண்டும். அவனும் பழக்கப்படி அழுத்தினான். அமெரிக்க அமைப்பில் இருந்த கணினிக்கோ ஷிஃப்ட்டோடு வந்த அந்த நான்கு விசைகளும் @)!( என்றே கேட்டன. எழுத்துகளிலும் அப்படித்தான்: 'ஏ' என்று அச்சிட்ட விசை 'க்யூ' ஆகவும், 'இசட்' என்பது 'டபிள்யூ' ஆகவும், 'எம்' என்பது அரைப்புள்ளியாகவும் மாறிவிடும். திரையில் தெரிவது கறுப்புப் புள்ளிகள் மட்டுமே என்பதால் யாருக்கும் ஐயம் எழாது. கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் சின்னத்தை அழுத்தி, அடிப்பது என்னவாக விழுகிறது என்று பாருங்கள். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய் பிரெஞ்சு அமைப்பைச் சேர்த்தபின் பழுது தீர்ந்துவிடும்.

எழுத்து சரியாக விழுந்தும் இணையவில்லை என்றால், அந்த வலையமைப்புக்காக முன்பு சேமித்த விவரத்தை 'மறந்துவிடு' என்று நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். ரூட்டரில் கடவுச்சொல் மாறியபின் கணினி பழையதையே அனுப்பிக்கொண்டிருப்பது வழக்கமான காரணம். ரூட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபைப் பாதுகாப்பு முறை மட்டும் என்று அமைக்கப்பட்டிருந்தால் பழைய அட்டைகள் அதை ஏறிட்டும் பார்க்கா. ரூட்டரில் 2, 3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசிக்குத் தெரியும் வைஃபை பெயர் கணினிக்கு மட்டும் தெரியவில்லை என்றால், ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பி, உங்கள் அட்டை 2.4 மட்டும் கேட்பதாக இருக்கலாம். அல்லது ரூட்டர் 12, 13 ஆம் சேனல்களில் இருந்து, கணினி அமெரிக்க விதிப்படி அந்தச் சேனல்களைத் தொடாமல் இருக்கலாம். 'ஐடபிள்யூ ரெஜ் கெட்' என்பது கணினி எந்த நாட்டு விதியில் இயங்குகிறது என்று காட்டும்.

கேபிள் செருகியும் விளக்கு எரியவில்லை

'ஐபி லிங்க்' வெளியீட்டில் கேபிள் இடைமுகத்தின் வரியில் 'நோ-கேரியர்' என்று இருந்தால் மென்பொருளைத் தொட வேண்டாம். மின்னணு அளவிலேயே மறுமுனை கேட்கவில்லை. கேபிளை மாற்றிப் பாருங்கள், கேபிள்களை ஒன்றிணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

கடற்கரைப் பக்கம் உள்ள வீடுகளில் நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். கேபிள் முனையில் உள்ள எட்டுத் தகடுகளில் ஒன்றிரண்டு உப்புக்காற்றால் பச்சை பூத்திருக்கும். அப்போது இணைப்பு அறவே போகாமல், வேகம் மட்டும் குறையும். 'சுடோ ஈத்டூல் ஈஎன்பி3எஸ்0' என்று, உங்கள் இடைமுகத்தின் பெயரை இட்டுத் தட்டினால் 'ஸ்பீடு' என்ற வரி வரும். 1000 வர வேண்டிய இடத்தில் 100 என்று வந்தால் கம்பியில் சந்தேகம் வைக்கலாம்: கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணையே போதும். ஓர் இணை அறுந்தால் அட்டை சத்தமில்லாமல் கீழ்வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. முனையைத் துடைப்பதைவிட வெட்டிவிட்டுப் புது முனை அடிப்பதே நல்லது.

இணைந்ததாகக் காட்டுகிறது, முகவரி வரவில்லை

'ஐபி அட்ரஸ்' என்ற கட்டளையில் உங்கள் இடைமுகத்தின் கீழ் 'ஐநெட்' என்ற வரி இல்லை, அல்லது 169.254 என்று தொடங்கும் எண் இருக்கிறது. முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையிடமிருந்து பதில் வரவில்லை என்பதே இரண்டுக்கும் பொருள், 169.254 என்பது வேறு வழியின்றிக் கணினி தனக்குத்தானே சூட்டிக்கொண்ட முகவரி, அதை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாது. வீட்டில் வேறு கருவிகளுக்கு முகவரி கிடைக்கிறதா என்று பாருங்கள். எதற்கும் கிடைக்கவில்லை என்றால் ரூட்டரை மறுதொடக்கம் செய்யலாம். உங்கள் கணினிக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் 'ஜர்னல்சிடிஎல் -பி -யு நெட்வொர்க்மேனேஜர்' என்று தட்டி, டிஎச்சிபி பற்றிய வரிகளைப் படியுங்கள். நெட்வொர்க்மேனேஜர் என்பது இணைப்புகளை நிர்வகிக்கும் மென்பொருள்; அதன் பெயரில் 'என்', 'எம்' இரண்டும் பேரெழுத்து. ரூட்டரில் அனுமதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இரவில் இணையத்தில் உலவாதிருக்கப் பெற்றோர் வைத்த பூட்டில் மாட்டிக்கொண்ட தாத்தாவின் கணினியை நான் திறந்துவிட்டிருக்கிறேன்.

முகவரி இருந்தும் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தால், ஒரே முகவரியை இரண்டு கணினிகள் வைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு கணினியைச் செவ்வையாக அமைத்துவிட்டு, அதன் வட்டை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுத்தேன். முதற்கணினியில் கையால் எழுதிவைத்த 192.168.1.50 என்ற முகவரியும் நகலோடு போய்விட்டது. ஒரு கணினி மட்டும் இயங்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பக்கத்துக் கணினியைப் போட்டதும் இரண்டும் மாறி மாறித் திணறும். மூன்றாவது கணினியிலிருந்து அந்த முகவரியைப் பிங் செய்தபடி, 'ஐபி நெய்' (ஆங்கிலத்தில் என்-இ-ஐ-ஜி-எச்) என்ற கட்டளையைச் சில முறை தட்டிப் பாருங்கள். 192.168.1.50 க்கு எதிரே உள்ள அட்டை எண் ஒரு முறை ஒன்றாகவும் மறுமுறை வேறாகவும் வந்தால் ஐயமில்லை. கையால் எழுதிய முகவரியை எடுத்துவிட்டு 'தானியங்கி' என்று மாற்றுவதே தீர்வு. ஒரே முகவரிதான் வேண்டும் என்றால் அந்த ஒதுக்கீட்டை ரூட்டரில் செய்யுங்கள், கணினியில் செய்யாதீர்கள்.

கேபிளைச் செருகினால் வைஃபை இணையம் போய்விடுகிறது

தைப்பூசக் காவடிக்கு முந்தைய மாலை, கோயில் அலுவலகத்தில் காவடி எடுப்போர் பட்டியலை அச்சிட வேண்டியிருந்தது. அச்சுப்பொறி ஒரு பழைய ரூட்டரோடு கேபிளில் இணைந்திருந்தது. அந்த ரூட்டருக்கு இணையம் இல்லை, ஸ்விட்சாகத்தான் பயன்பட்டது. டெபியன் மடிக்கணினியில் கேபிளைச் செருகினால் அச்சுப்பொறி தெரியும், இணையம் போய்விடும். கேபிளைப் பிடுங்கினால் இணையம் வரும், அச்சுப்பொறி மறையும். பட்டியலோ இணையத்தில் இருந்தது.

'ஐபி ரூட்' தட்டியதும் விடை கிடைத்தது. இரண்டு 'டிஃபால்ட்' வரிகள்: கேபிள் வழியாகப் போவதற்கு 'மெட்ரிக் 100', வைஃபை வழியாகப் போவதற்கு 'மெட்ரிக் 600'. இந்த எண் சிறியதாக உள்ள வழியைத்தான் லினக்ஸ் தேர்ந்தெடுக்கும். பழைய ரூட்டர் முகவரியோடு "வெளியே போக என் வழியாக வா" என்றும் சொல்லிக்கொண்டிருந்ததால், எல்லாப் பொதிகளும் முட்டுச்சந்துக்குள் போய் நின்றன. இணைப்புச் சோதனைத் தொகுப்பு நிறுவப்பட்ட கணினிகளில் நெட்வொர்க்மேனேஜர் இணையமில்லாத வழியின் எண்ணோடு 20000 ஐக் கூட்டி அதைத் தானே பின்னுக்குத் தள்ளிவிடும்; இந்த மடிக்கணினியில் அந்தத் தொகுப்பு இல்லை.

தீர்வு ஒரு சிறு குறி. கேபிள் இணைப்பின் அமைப்பில், ஐபிவி4 பக்கத்தில், 'இந்த இணைப்பை அதன் வலையமைப்பிலுள்ள வளங்களுக்கு மட்டும் பயன்படுத்து' என்ற பெட்டியைக் குறியிட்டு, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அதன்பின் அச்சுப்பொறிக்குக் கேபிள், இணையத்துக்கு வைஃபை என்று இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கும்.

எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை

1.1.1.1 பதில் சொல்கிறது, எந்தத் தளத்தின் பெயரும் திறக்கவில்லை. ஈடிசி அடைவில் உள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைப் படியுங்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் முதற்பகுதி 'வி' எழுத்தோடு முடிந்துவிடும், கடைசி 'இ' கிடையாது. அதில் 'நேம்சர்வர் 127.0.0.53' என்று இருந்தால் சிஸ்டம்டியின் பெயர்த்தேடல் சேவை நடுவில் நிற்கிறது. உண்மையில் யாரைக் கேட்கிறது என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும்; இந்தக் கட்டளையில் மட்டும் 'வி'க்குப் பின் 'இ' உண்டு. வேறு எண் இருந்தால், அந்த எண்ணையே பிங் செய்து பாருங்கள்.

நான் அடிக்கடி காண்பது, தரவை வேறொரு சேவையகம் வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் விட்டுப்போன எச்சம். விபிஎன் தன் டிஎன்எஸ் முகவரியை எழுதிவைத்துவிட்டு, மின்வெட்டில் ஒழுங்காக மூடப்படாமல் போகும். கணினி மீண்டும் எழுந்தபின் 10 என்று தொடங்கும் எட்டாத ஒரு முகவரியையே கேட்டுக்கொண்டிருக்கும். விபிஎன்னை மறுபடி இணைத்து, முறையாகத் துண்டித்தால் பெரும்பாலும் தீரும்.

இதைவிடத் தொல்லையானது, யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு அந்தக் கோப்பை 'சுடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ' இட்டு, அதாவது யாராலும் மாற்ற முடியாதபடி பூட்டி வைப்பது. ரூட்டரை மாற்றும் நாள் வரை அது வேலை செய்யும். புது ரூட்டர் 192.168.100.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருக்க, கோப்பு 192.168.1.1 ஐயே கேட்கும்; நிர்வாகியாக இருந்தும் அதைத் திருத்த முடியாமல் 'அனுமதி இல்லை' என்று வரும்போதுதான் பலருக்கும் தலை சுற்றும். 'எல்எஸ்ஏடிடிஆர்' என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால், கோடுகளுக்கு நடுவே ஓர் 'ஐ' தெரியும். 'சுடோ சிஎச்ஏடிடிஆர் -ஐ' என்று பூட்டை நீக்கிவிட்டு, நெட்வொர்க்மேனேஜரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

விடுதியிலோ விமான நிலையத்திலோ இதே அறிகுறி வந்தால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். அங்குள்ள வைஃபை முதலில் தன் நுழைவுப் பக்கத்தைக் காட்ட விரும்புகிறது. நீங்கள் கையால் எழுதிய டிஎன்எஸ் முகவரி அதற்கு இடம் கொடுக்கவில்லை. தானியங்கிக்கு மாற்றி, நுழைந்தபின் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

பிங் சரி, உலாவி மட்டும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்கிறது

எல்லாத் தளங்களும் ஒருசேரப் பாதுகாப்பற்றவை ஆகிவிடுவதில்லை. திரையின் தேதியைப் பாருங்கள், நேரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 நாணய மின்கலம் தீர்ந்துபோன கணினி, மின்சாரம் போனதும் காலத்தை மறந்துவிடும். சிஸ்டம்டி, தான் தொகுக்கப்பட்ட நாளுக்கு முன்பாகக் கடிகாரம் போக விடாது என்பதால், 1970 என்ற வெளிப்படையான பொய் திரையில் வராது. ஓராண்டோ ஈராண்டோ பின்னால் உள்ள, நம்பத்தக்க ஒரு தேதி வரும். தளங்களின் சான்றிதழ்களோ அதற்குப் பிறகு வழங்கப்பட்டவை, சில 90 நாள் மட்டுமே செல்லுபடியாகக்கூடியவை. 'இந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்று உலாவி சொல்வது அதன் கணக்கில் சரிதான்.

'டைம்டேட்சிடிஎல்' தட்டிப் பாருங்கள். நேர வலயம் 'இந்தியன்/மொரீஷியஸ்', அதாவது கிரீன்விச்சுக்கு 4 மணி முன்னால் என்றும், நேரம் ஒத்திசைந்திருக்கிறது என்றும் வர வேண்டும். இல்லையென்றால் 'சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ' என்று தட்டிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில் கடிகாரம் சரியாக 4 மணி தள்ளி இருந்தால் மின்கலத்தைக் குறை சொல்ல வேண்டாம். வன்பொருள் கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரமாகவும் மற்றொன்று கிரீன்விச் நேரமாகவும் படிக்கிறது. 2008-09 கோடையில் நம் தீவில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். பழைய கணினிகளில் அப்போது கையால் செய்த திருத்தங்கள் எஞ்சியிருந்தால் அவற்றையும் இந்தக் கட்டளை காட்டிக்கொடுக்கும்.

சில தளங்கள் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன

சிறிய பொதிகள் போகின்றன, பெரியவை நடுவழியில் தொலைகின்றன. ஈதர்நெட்டில் ஒரு பொதி 1500 பைட் வரை இருக்கலாம். பிபிபிஓஇ முறையில் இணையும் ரூட்டர்கள் தம் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 தான் மிஞ்சும்; விபிஎன் இருந்தால் இன்னும் குறையும். 'பிங் -சி 4 -எம் டூ -எஸ் 1472 1.1.1.1' என்று தட்டுங்கள். இங்கே 'எம்' பேரெழுத்து; 'டூ' என்பது டி, ஓ என்ற இரண்டெழுத்து. 1472 தரவும் 28 தலைப்பும் சேர்ந்து 1500. பதில் வரவில்லை என்றால் 1464, பிறகு 1392 என்று குறைத்துப் பார்த்து, பதில் வரும் மிகப்பெரிய எண்ணோடு 28 ஐக் கூட்டி, அதை இணைப்பு அமைப்பில் எம்டியு, அதாவது பொதியின் உச்ச அளவு, என்ற பெட்டியில் எழுதுங்கள்.

அது சரியாக இருந்தால் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையைப் பாருங்கள். 'கர்ல் -4' என்று தளத்தின் முகவரியை இட்டால் உடனே வந்து, 'கர்ல் -6' என்று இட்டால் தொங்கினால், ரூட்டர் ஐபிவி6 முகவரியைக் கொடுத்துவிட்டு வழியைக் கொடுக்கவில்லை. ரூட்டரைத் திருத்தும் வரை, அந்த இணைப்பில் ஐபிவி6 ஐ அணைத்து வைக்கலாம்.

மடிக்கணினி உறங்கி எழுந்தபின் வைஃபை இல்லை

இன்டெல் அட்டையாக இருந்தால் 'சுடோ மாட்புரோப் -ஆர் ஐடபிள்யூஎல்எம்விஎம் ஐடபிள்யூஎல்வைஃபை', பிறகு 'சுடோ மாட்புரோப் ஐடபிள்யூஎல்வைஃபை'. மறுதொடக்கம் தேவைப்படாது. உறங்காமலேயே அவ்வப்போது அறுந்தால், 'சுடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 செட் பவர்_சேவ் ஆஃப்' என்று மின்சேமிப்பை அணைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

ரூட்டர் வரை எல்லாம் சரி, வெளியே ஒன்றுமில்லை

கட்டளைகளை விட்டுவிட்டுச் சுவரில் உள்ள ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வரவில்லை; ஃபைபர் இழை எங்கோ வளைந்தோ அறுந்தோ இருக்கிறது. லினக்ஸில் எதையும் தொடத் தேவையில்லை. 2024 ஜனவரியில் பெலால் சூறாவளி போர்ட் லூயிஸ் தெருக்களை வெள்ளக்காடாக்கிப் போனபின், என்னை அழைத்த மூன்று வீடுகளில் இரண்டில் நான் செய்தது இந்த விளக்கைப் பார்த்தது மட்டுமே.

விளக்குகள் பச்சையாக இருந்து, உள்நாட்டுத் தளங்கள் திறந்து, வெளிநாட்டுத் தளங்கள் மட்டும் தள்ளாடினால் 'எம்டிஆர்' என்பதோடு அப்படித் தள்ளாடும் ஒரு தளத்தின் பெயரை இட்டுத் தட்டி, ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். பொதி கடக்கும் ஒவ்வொரு வாசலும் ஒரு வரியாக வரும். நடுவில் ஒரு வரியில் மட்டும் இழப்பு தெரிந்து அடுத்தடுத்த வரிகளில் இல்லையென்றால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த வாசல் பிங்குக்குப் பதில் சொல்வதில் சோம்பலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வரியில் தொடங்கிய இழப்பு கடைசி வரை தொடர்ந்தால்தான் அங்கே பழுது. நம் தரவு தீவை விட்டு வெளியேற, 2002 இல் இயங்கத் தொடங்கித் தென்னாப்பிரிக்காவையும் கொச்சியையும் பினாங்கையும் தொடும் சேஃப், 2021 இல் வந்த மெட்டிஸ் போன்ற கடலடிக் கேபிள்களையே நம்பியிருக்கிறது. ஒன்று பழுதானால் மற்றதில் நெரிசல் கூடும். ஐரோப்பாவுக்கு 8,000 கிலோமீட்டருக்கும் மேல். இழையில் ஒளி போய்வர ஒவ்வோர் 1,000 கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். ஆகவே அங்குள்ள தளத்துக்கு 200 மில்லிவினாடி காட்டுவதைப் பழுதென்று எண்ண வேண்டாம். நேற்று 200 ஆக இருந்தது இன்று 500 ஆகி, நூற்றுக்குப் பத்துப் பொதி தொலைவதுதான் பழுது.

சேவை நிறுவனத்தை அழைக்கும்போது "இணையம் இல்லை" என்று தொடங்காதீர்கள். ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிடுவார்கள். ரூட்டருக்குப் பிங் போகிறது, 1.1.1.1 க்குப் போகவில்லை, எல்ஓஎஸ் விளக்கு அணைந்திருக்கிறது, எம்டிஆர் மூன்றாவது வரியிலிருந்து இழப்பைக் காட்டுகிறது, மாலை 6:40 முதல் இப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு படியுங்கள். எங்கள் வகுப்பில் அந்தத் தாளை ரூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். எண்களை நிரப்ப வேண்டிய இடங்கள் மட்டும் காலியாக இருக்கும்.